புகைக்குக் கணக்கெழுதியவர்

புகைபோக்கியிலிருந்து எழும் புகை சிறிது நேரத்தில் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. கண்ணுக்கு மறைந்தது காற்றிலிருந்தும் மறைந்துவிட்டதா? இவ்வினாவிற்கு எண்களால் விடை தேடியவர் கய் ஸ்டூவர்ட் கேலண்டர். அவர் வானிலை அறிஞர் அல்லர். நீராவியின் இயல்புகளை ஆராய்ந்த பொறியாளர்.

1898ஆம் ஆண்டு கனடாவின் மான்ட்ரியல் நகரில் கேலண்டர் பிறந்தார். தந்தை ஹியூ கேலண்டர், வெப்பநிலையை நுட்பமாக அளக்கும் கருவிகளை உருவாக்கிய இயற்பியல் பேராசிரியர். குடும்பம் இங்கிலாந்தில் குடியேறியது. இளமையில் இடக்கண் பார்வையை இழந்த கேலண்டர், தந்தையின் ஆய்வகத்தில் பணியாற்றி, துல்லியமாக அளக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொண்டார்.

கார்பன் டை ஆக்சைடு வெப்பத்தை ஈர்த்துக்கொள்ளும் என்பதை ஜான் டிண்டால் 19ஆம் நூற்றாண்டிலேயே நிறுவியிருந்தார். அவ்வாயு மிகுந்தால் புவி வெப்பமடையும் என்று 1896இல் சுவாந்தே அரீனியஸ் கணித்திருந்தார். ஆயினும், மனிதர் வெளியிடும் வாயுவைக் கடல் உறிஞ்சிக்கொள்ளும் என்றெண்ணி அறிஞர் பலர் அக்கருத்தைப் புறக்கணித்தனர். கேலண்டரோ, மனிதர் வெளியிட்டது எவ்வளவு என்பதை முதலில் அறிய விரும்பினார்.

உலகின் புகைபோக்கிகள் அனைத்திலும் கருவி பொருத்த இயலாது. ஆனால், எரிக்கப்பட்ட எரிபொருளின் அளவு தெரிந்தால் வெளிப்பட்ட வாயுவின் அளவைக் கணக்கிடலாம். ஒரு டன் கார்பன் முழுமையாக எரிந்தால், காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து ஏறத்தாழ 3.7 டன் கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். இவ்வழியில், முந்தைய அரை நூற்றாண்டில் மனிதர் 15,000 கோடி டன் வாயுவைக் காற்றில் சேர்த்திருப்பதாகவும், அதில் பெரும்பகுதி காற்றிலேயே தங்கியிருப்பதாகவும் அவர் கண்டார். பணி முடிந்து எஞ்சிய நேரங்களில் உலகெங்குமுள்ள 147 நிலையங்களின் வெப்பநிலைப் பதிவுகளைத் திரட்டி, கணினி இல்லாத அக்காலத்தில் கையாலேயே கணக்கிட்டார். புவியின் வெப்பநிலை ஆண்டுக்குச் சுமார் 0.005 செல்சியஸ் பாகை உயர்ந்து வந்தது தெரிந்தது.

1938இல் இலண்டனில் அரச வானிலையியல் கழகத்தின்முன் தம் முடிவுகளை வைத்தார். வல்லுநர்கள் அவரது உழைப்பைப் பாராட்டினரேனும் முடிவை ஏற்கவில்லை. வெப்ப உயர்வு தற்செயல் நிகழ்வு என்றனர்; வளிமண்டலத்தின் சிக்கலை இக்கணக்கு உள்ளடக்கவில்லை என்றனர். கேலண்டர் சினம் கொள்ளவில்லை. மேலும் தரவுகளைத் திரட்டினார்.

இரண்டாம் உலகப்போரின்போது, ஓடுபாதையின் இருமருங்கிலும் எரிபொருளை எரித்து மூடுபனியை விலக்கும் திட்டத்தில் பணியாற்றினார். எரிபொருளின் விளைவைக் கணக்கிட்டவரே, விமானிகளின் உயிரைக் காக்க அதனை எரிக்கவும் துணைநின்றார்.

அவரது மதிப்பீடுகள் அனைத்தும் சரியானவை அல்ல. வெப்ப உயர்வு குளிர்நாடுகளின் வேளாண்மைக்கு நன்மை தரும் என்றே அவர் நம்பினார். அதன் தீமைகளைக் காலம் பின்னர் உணர்த்தியது. விளைவைப் பற்றிய அவரது கருத்துப் பிழைத்தது. அளவைப் பற்றிய அவரது கணக்கு நிலைத்தது.

1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் டேவிட் கீலிங் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைத் தொடர்ந்து அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 315 பங்காக இருந்த அவ்வாயு, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. அந்த உயர்வை உலகம் முழுமையாக உணருமுன், 1964இல் கேலண்டர் மறைந்தார்.

இன்று பல நாடுகள் தம் பசுமை இல்ல வாயுக்களின் அளவைக் கணக்கிடுகின்றன. பயன்படுத்திய எரிபொருளின் அளவை, ஓர் அலகு எரிபொருள் வெளியிடும் வாயுவின் அளவால் பெருக்குவதே அதன் அடிப்படை. குறைக்க வேண்டியதை முதலில் அளந்தறிய வேண்டும். அந்த அறிவைத் தம் ஓய்வு நேரத்தில் தேடித் தந்தவர் கேலண்டர். ஏற்பார் இல்லாத காலத்திலும் உண்மையை அளந்து எழுதிவைப்பது வீண்போகாது என்பதே அவர் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடம்.