பிரேம் மாத்தூர் அம்மையார்

பெரியோர் சரித்திரங்களைப் படிக்கப் புகும் நாம், அவர்கள் அடைந்த வெற்றிகளை அறிய விரும்புகிறோமே அன்றி, அவர்கள் காத்திருந்த நாட்களைப் பற்றி அறிய விரும்புவதில்லை. ஆயினும் ஒருவருடைய மன உறுதி புலனாவது அந்த நாட்களிலேயாம். இதனை எனக்கு உணர்த்தியது ஒரு குறிப்பேடு.

கே.கே. நகரில் எங்கள் அடுத்த வீட்டில், நான் அக்கா என்று அழைக்கும் பெண்மணி ஒருவர் வாழ்கின்றார். அவர் விமானம் ஓட்டக் கற்றுத் தேர்ந்தவர். பெற்றோர் ஊரில் இருந்த நிலத்தை விற்று அவரைப் படிப்பித்தனர். வேண்டிய மணிக்கணக்கை முடித்து உரிமமும் பெற்று ஈராண்டு கழிந்தும் அவருக்கு உத்தியோகம் கிட்டவில்லை. மாலை வேளைகளில் மொட்டை மாடியில் நின்று, தெற்கே மீனம்பாக்கத்தை நோக்கித் தாழ்ந்து செல்லும் விமானங்களைப் பார்ப்பது அவர் வழக்கம். ஒரு நாள் தம் பறப்புக் குறிப்பேட்டை எனக்குக் காட்டினார். நாள், விமானம், புறப்பட்ட இடம், இறங்கிய இடம், பறந்த நேரம் என்று ஒவ்வொரு வரியும் எழுதப்பட்டிருந்தது. இத்தகைய ஏட்டைக் கையில் ஏந்தி நிறுவனந்தோறும் சென்ற முதற் பெண் யார் என்று வினவினேன். பிரேம் மாத்தூர் என்று விடை வந்தது. அப்பெயரை அதுவரை அறியாதிருந்தமைக்கு நாணி, அவ்வம்மையார் வரலாற்றைத் தேடிக் கற்றேன். அதனையே நம் கல்லூரி நண்பர்களுக்கு ஈண்டு எழுதுகின்றேன்.

வரலாற்றுள் புகுமுன் இம்மணிக்கணக்கின் இயல்பைச் சிறிது அறிதல் நலம். வாகனம் ஓட்டக் கற்பவர் சில வாரங்களில் உரிமம் பெறலாம். வணிக விமானியாக விரும்புவோர்க்கோ அவ்வாறு இயலாது. நம் நாட்டில் இந்நாளில் வழங்கும் விதிப்படி ஒருவர் 200 மணி நேரம் பறந்திருத்தல் வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பு முழுவதும் அவருடையதாய் இருத்தல் வேண்டும். ஊர் விட்டு ஊர் பறத்தல், வெளியே நோக்காது கருவிகளை மட்டும் நோக்கிப் பறத்தல், இரவிற் பறத்தல் என்பனவற்றுக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. விமானத்திற்குத் தலைமை பூணும் உரிமத்துக்கோ 1500 மணி நேரம் வேண்டும். மழை பெய்தால் பறக்க இயலாது; மூடுபனி வந்தாலும் இயலாது; பணம் தீர்ந்தாலோ சிறிதும் இயலாது. ஒருவர் பறந்த மணியை மற்றொருவர் கடனாகப் பெறவும் வழியில்லை.

அம்மையாருக்கு முன்னரே இந்திய மாதர் சிலர் வானில் பறந்துள்ளனர். அவருள் ஒருவர் சரளா தக்ரால். அவர் 1936-ஆம் ஆண்டில், தம் இருபத்தோராம் வயதில், புடைவை உடுத்தவராய் ஜிப்ஸி மாத் என்னும் சிறு விமானத்தைத் தனியே ஓட்டினார். ஆயிரம் மணி நேரம் பறந்தும் முடித்தார். அவர் கணவரும் ஒரு விமானியே. 1939-ஆம் ஆண்டில் அக்கணவர் விமான விபத்தில் உயிர் நீத்தார். சரளா துயரை அடக்கிக்கொண்டு, வணிக விமானிக்குரிய உரிமம் பெறும் கருத்துடன் ஜோத்பூர் சென்றார். அவ்வேளையில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. பொதுமக்களுக்குரிய பறப்புப் பயிற்சி நின்றுபோயிற்று. அவர் லாகூருக்குத் திரும்பி ஓவியக் கலை பயின்றார். ஆயிரம் மணி நேரம் பறந்த அக்கைக்கு வணிக விமானிக்குரிய உரிமம் கிட்டவில்லை. அவர் கைக்கெட்டாமற் போனதையே பிரேம் மாத்தூர் அம்மையார் பின்னர்ப் பெற்றார்.

அம்மையார் பறக்கக் கற்றது அலகாபாத் நகரில். அங்கே கேப்டன் அட்டல் என்னும் விமானி ஒருவர் இருந்தார். அவர் அம்மையாரை ஒரு நாள் விமானத்தில் ஏற்றிச் சென்று, மேலும் கீழுமாகப் புரட்டிப் பல வித்தைகள் செய்து காட்டினார் என்பர். அம்மையார் அஞ்சவில்லை, மகிழ்ந்தார். அதனைக் கண்ட அட்டல் அவரைப் பயிற்சி பெறுமாறு தூண்டினார். அலகாபாத் பறப்புக் கழகத்திற் பயின்று, மணி மணியாகக் கணக்கைச் சேர்த்து, 1947-ஆம் ஆண்டில் அம்மையார் வணிக விமானிக்குரிய உரிமத்தைப் பெற்றார். நம் நாடு விடுதலை பெற்றதும் அவ்வாண்டிலேயே.

உரிமம் கிடைத்தது, உத்தியோகம் கிடைத்திலது. போர் முடிந்தபின் நம் நாட்டில் விமான நிறுவனங்கள் பல தோன்றியிருந்தன. அம்மையார் ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பம் செய்தார். ஒன்றன்பின் ஒன்றாக எட்டு நிறுவனங்கள் அவரை மறுத்தன. அவர் பறந்த மணிகள் குறைவு என்றோ, தேர்வில் தவறினார் என்றோ அவை மறுக்கவில்லை. ஓட்டுபவர் ஒரு பெண் என்று அறிந்தால் பயணிகள் அஞ்சுவர் என்பதே அவர்கள் கூறிய காரணம். கணக்கிற் குறை இருந்தால் இன்னும் பறந்து அதனை நிரப்பலாம். பிறப்பையே குறையாகக் கூறுவார்க்கு எதனைக் கொண்டு விடை அளிப்பது? அம்மையார் ஒன்பதாவது விண்ணப்பத்தை எழுதினார். அதுவே அவர் அளித்த விடை.

அவ்விண்ணப்பம் ஹைதராபாத் நகரில் இருந்த டெக்கான் ஏர்வேஸ் நிறுவனத்துக்குச் சென்றது. நிஜாம் அரசாங்கமும் டாட்டா நிறுவனத்தாரும் கூடி 1945-ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனம் அது. அவர்கள் அம்மையாரை அழைத்துச் சோதித்துத் துணை விமானியாக அமர்த்திக்கொண்டனர். இந்திய மாது ஒருவர் பயணிகளை ஏற்றிச் செல்லும் வணிக விமானத்தின் விமானியானது அதுவே முதன் முறை. அந்நிறுவனம் டக்கோட்டா என வழங்கும் இரட்டை எஞ்சின் விமானங்களை ஓட்டிவந்தது. ஹைதராபாத்திலிருந்து சென்னைக்கும், நாகபுரி வழியாக டில்லிக்கும் அவை சென்றுவந்தன. எட்வினா மவுன்ட்பேட்டன், இந்திரா காந்தி, லால் பகதூர் சாஸ்திரி முதலியோரும் அம்மையார் ஓட்டிய விமானங்களில் பயணம் செய்தவர்களாவர்.

1949-ஆம் ஆண்டில் தேசிய விமானப் பந்தயம் நடைபெற்றது. அம்மையார் அதிற் கலந்துகொண்டு முதலிடம் பெற்றார். பெண் ஓட்டினால் பயணிகள் அஞ்சுவர் என்று கூறியவர்கள் இச்செய்தியைக் கேட்டு யாது கருதினரோ, அறியோம்.

இதனோடு இடர் தீர்ந்தது என்று எண்ணுவோமாயின் தவறாகும். விமானத்தில் வலப்புற இருக்கை துணைவருடையது. இடப்புற இருக்கை தலைவருடையது. தலைமை பூணுவதற்கு வேண்டிய மணிகளையும் அம்மையார் பறந்து முடித்தார். அந்த இடப்புற இருக்கையோ அவருக்கு அளிக்கப்படவில்லை. முன்னர்க் கதவை அடைத்த அதே காரணம் இப்பொழுது உள்ளே நின்று தடுத்தது. அம்மையார் வாதாடிக் காலம் கழிக்கவில்லை, டில்லிக்குச் சென்றார். அங்கே கன்சியாம் தாஸ் பிர்லாவின் சொந்த விமானத்துக்கு விமானியாகச் சில காலம் பணி புரிந்தார். 1953-ஆம் ஆண்டில் நம் அரசாங்கம் விமான நிறுவனங்களை நாட்டுடைமையாக்கி, இந்தியன் ஏர்லைன்ஸ் என்னும் நிறுவனத்தை அமைத்தது. அம்மையார் அதிற் சேர்ந்து, பணிக்காலத்தின் எஞ்சிய பகுதியை அங்கேயே கழித்தார். 1992-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

சென்னை வாசிகளாகிய நமக்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. 1951-ஆம் ஆண்டில் உஷா சுந்தரம் என்னும் விமானி, தம் கணவர் சுந்தரத்துடன், சென்னை அரசாங்கம் வாங்கிய டவ் விமானத்தை லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டிவந்தார். அன்று விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே இருந்தனர். இந்திய விமானிகளில் நூற்றுக்கு 15 பேர் பெண்டிர் என்றும், உலகத்தில் அது நூற்றுக்கு 5 மட்டுமே என்றும் 2022-ஆம் ஆண்டில் அரசினர் நாடாளுமன்றத்தில் அறிவித்தனர். எட்டு முறை மறுக்கப்பட்டும் ஒன்பதாவது விண்ணப்பத்தை எழுதிய ஒருவர், அப்பதினைவர்க்கும் வழி திறந்தவர் ஆகின்றார்.

அம்மையார் சரித்திரத்தை ஆராய்ந்து நான் கண்டது இது. விமானி ஒருவருக்கு இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று தாம் பறந்து சேர்ப்பது. அது குறிப்பேட்டில் உள்ளது. அதனை எவரும் அழிக்க இயலாது. மற்றொன்று பிறர் அவர்மீது வைக்கும் நம்பிக்கை; அது எந்த ஏட்டிலும் இல்லை; பிறர் கையில் உள்ளது. முதற் கணக்கை நிரப்பிய மாத்திரத்தில் இரண்டாவதும் நிரம்பிவிடும் என்று எண்ணுவோர் ஏமாற்றம் அடைவர். அதற்காக முதற் கணக்கைக் கைவிடுவோரோ இரண்டையும் இழப்பர். அம்மையார் இரண்டாவது கணக்கில் கடைசி வரை முழு நீதி பெற்றார் என்று கூற என்னால் இயலவில்லை. முதற் கணக்கில் அவர் ஒரு மணியும் குறை வைக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

இக்கட்டுரையை எழுதி முடித்ததும் அடுத்த வீட்டு அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவர் முழுவதையும் கேட்டார், யாதும் கூறவில்லை. சிறிது நேரம் சென்றபின் அலமாரியைத் திறந்து குறிப்பேட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். புதிய விண்ணப்பம் ஒன்றை எழுதத் தொடங்கினார். அது எத்தனையாவது விண்ணப்பம் என்று நான் வினவவில்லை.