பென் ஹோகன்: பஸ் மோதியும் உடையாத 'ஸ்விங்'... அப்படி என்ன இருக்கு அதில்?

கோல்ஃப் ஸ்விங் கற்றுக்கொள்ள யூடியூபில் தேடினால், வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவரின் கறுப்பு-வெள்ளை வீடியோ அடிக்கடி கண்ணில் படும். அவர்தான் பென் ஹோகன். அந்த ஸ்விங் பிறவித் திறமை என்று நினைத்தால், அதுதான் இல்லை!

யார் இவர்?

1912-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் பிறந்தவர். அப்பா கொல்லர். ஹோகனுக்கு 9 வயதானபோது அவர் துப்பாக்கியால் சுட்டுத் தற்கொலை செய்துகொண்டார். குடும்பம் தவித்தது. 11 வயதில் ஃபோர்ட்வொர்த்தில் கேடியாக, அதாவது அடுத்தவர் கோல்ஃப் பையைச் சுமக்கும் வேலைக்குப் போனார். 17 வயதில் தொழில்முறை வீரர் ஆனார். ஆனால் முதல் தனிநபர் பட்டம் கிடைக்க 1940 வரை, பத்து வருஷம் ஆனது!

என்ன பிரச்னை?

'ஹூக்'. பந்து நன்றாகக் கிளம்பும். கடைசியில் சட்டென்று இடப்பக்கம் வளைந்து எங்கேயோ போய்விடும். மணிக்கணக்கில் பயிற்சி செய்து, இடது கைப்பிடியைக் கொஞ்சம் மாற்றினார். மட்டை மேலே போனதும் இடது மணிக்கட்டைச் சற்றே பின்பக்கம் மடித்தார். அவ்வளவுதான், ஹூக் அடங்கியது.

பஸ் மோதிய நாள்

1949 பிப்ரவரி 2. பனிமூட்டத்தில் ஹோகனின் கார் மீது பஸ் நேருக்கு நேர் மோதியது. மனைவி வேலரியைக் காப்பாற்ற அவர் மேல் பாய்ந்தார் ஹோகன். அப்படிப் பாய்ந்ததால்தான் அவரும் உயிர் தப்பினார். இடுப்பெலும்பு, கழுத்தெலும்பு, கணுக்கால் எல்லாம் முறிவு. இனி நடப்பதே சந்தேகம் என்ற நிலை.

16 மாதங்கள்தான். 1950 யு.எஸ். ஓப்பனில், கட்டுப் போட்ட கால்களோடு ஒரே நாளில் 36 குழிகள் ஆடினார். மறுநாள் பிளே-ஆஃபில் கோப்பையையும் வென்றார். அவருடைய 9 மேஜர் பட்டங்களில் 6 விபத்துக்குப் பிறகு வந்தவை. 1953-ல் மட்டும் மூன்று!

'டேக்அவே' ரகசியம்

பந்தின் அருகிலிருந்து மட்டை பின்னே நகரும் முதல் அசைவுதான் டேக்அவே. முதலில் கைகள், அடுத்து தோள், பிறகு இடுப்பு என்ற வரிசையை 1957-ல் வெளியான 'ஃபைவ் லெசன்ஸ்' புத்தகத்தில் விளக்கினார் ஹோகன். பந்திலிருந்து தோள் வரை சாய்வாக ஒரு கண்ணாடி இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். மட்டையைத் தூக்கும்போது கைகள் அந்தக் கண்ணாடியை உடைக்கக் கூடாது. வரிசை குழம்பினால் ஆரம்பமே தப்பு. பிறகு வழியில் சரிசெய்வது கஷ்டம்.

கவனிக்க ஒரு விஷயம்

ஹோகனின் கைப்பிடி மாற்றம், ஹூக்குக்கு அவர் கண்டுபிடித்த சொந்த மருந்து. பந்து வலப்பக்கம் வளைகிற புதியவர் அதை அப்படியே காப்பியடித்தால் பிரச்னை கூடத்தான் செய்யும். 1997-ல், 84 வயதில் ஹோகன் மறைந்தார். அவரிடம் முதலில் காப்பியடிக்க வேண்டியது மணிக்கட்டை அல்ல. தன் தவறு எதுவென்று தேடிக் கண்டுபிடித்த அந்தப் பொறுமையை!