முணுமுணுக்காத டாக்டர் அம்மாள்

திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணம் போகும் வழியில் இருக்கிறது பெருமுக்கல் மலை. அந்த வட்டாரத்துக் கிராமங்களுக்கெல்லாம் பெரிய ஊர் என்றால் திண்டிவனம்தான். 1890-ம் ஆண்டில் அங்கே ஓர் அமெரிக்க இளம்பெண் வந்து சேர்ந்தார். பெயர் ஐடா ஸ்கடர். வயது இருபதுகூட நிரம்பவில்லை.

அவர் பிறந்தது ராணிப்பேட்டையில். தாத்தா, அப்பா இருவருமே மிஷனரி டாக்டர்கள். சிறு வயதில் பெரும் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர். அதனாலேயே இந்த நாடு வேண்டாம் என்று இருந்தார். அமெரிக்காவில் வசதியாக வாழ வேண்டும் என்பது அவருடைய ஆசை. தாயாருக்கு உடம்பு சரியில்லை என்றுதான் திண்டிவனம் வந்தார். சீக்கிரம் திரும்பிவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு வந்தார்.

மூன்று பெண்கள்

ஒருநாள் இரவு கதவு தட்டப்பட்டது. வந்தவர் ஒரு பிராமணர். பிரசவ வேதனையில் துடிக்கும் தம் இளம் மனைவியைக் காப்பாற்ற வரும்படி ஐடாவை அழைத்தார். தமக்கு வைத்தியம் தெரியாது, அப்பாவை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆண் தொடுவதைவிட அவள் சாவதே மேல் என்று அவர் போய்விட்டார். சற்று நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். பிறகு ஒரு முதலியார் வந்தார். மூவருக்கும் ஒரே துயரம். மூவரிடமும் ஒரே பதில்.

பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

வந்தவர்களை அறியாமைக்காரர்கள் என்று பழித்துவிட்டு ஐடா கப்பலேறியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. குறையைத் தம்மிடமே தேடினார். டாக்டருக்குப் படிப்பதாகப் பெற்றோரிடம் சொன்னார்.

1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். ஆஸ்பத்திரி கட்ட ஷெல் என்ற முதியவர், மறைந்த தம் மனைவியின் நினைவாக, 10,000 டாலர் கொடுத்தார். 1900-ல் வேலூர் வந்தார் ஐடா. வந்த சில மாதங்களில் தந்தை காலமானார். வழிகாட்ட ஆள் இல்லை. புதிய டாக்டரம்மாவை நம்பி முதலில் கூட்டமும் வரவில்லை. வீட்டிலேயே ஒரு சிறிய அறையில் மருந்து கொடுக்கத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளில் சுமார் 5,000 பேர் வந்து போனார்கள். 1902-ல் நாற்பது படுக்கை கொண்ட ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

அங்கே வர முடியாதவர்களைத் தேடி அவரே போனார். முதலில் மாட்டு வண்டி, பிறகு 1909-ல் ஒரு சின்ன மோட்டார். குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் நின்று, புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டார். சீழும் நாற்றமும் உள்ள வேலை அது. அதை உதவியாளர்களிடம் தள்ளிவிடவில்லை.

1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். ஆறு பேராவது சேர்வார்களா என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். 151 மனுக்கள் வந்தன! 1922-ல் இறுதிப் பரீட்சை எழுதிய 14 பெண்களும் தேறினார்கள்.

முதுமையில் விழுந்த அடி

1938-ல் பெரிய சோதனை வந்தது. பல்கலைக்கழகப் பட்டம் தரும் கல்லூரிகள் மட்டுமே டாக்டர்களை உருவாக்கலாம் என்று சென்னை அரசு முடிவு செய்தது. வேலூர்ப் பள்ளி கொடுத்ததோ டிப்ளமா. இருபது ஆண்டு உழைப்பு மூடப்படும் நிலை. ஐடாவுக்கு அப்போது 67 வயது. அரசைத் திட்டிக்கொண்டு உட்காரவில்லை. நோயாளிக்கு நல்ல டாக்டர் வேண்டும் என்றால் படிப்பும் உயரத்தான் வேண்டும் அல்லவா? முதிர்ந்த வயதில் அமெரிக்கா சென்று, ஊர் ஊராக நிதி கேட்டார். 1942-ல் எம்.பி.பி.எஸ். வகுப்பு வந்தது. 1947-ல் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். இது பெண்களுக்கென்றே பணம் கொடுத்த பழைய நண்பர்கள் சிலருக்குப் பிடிக்கவில்லை. அந்த வருத்தத்தையும் அவர் தாங்கிக்கொண்டார்.

பொறுமைசாலி என்றதும் சோர்ந்த முகம் என்று நினைக்க வேண்டாம். கிழவியான பிறகும் டென்னிஸ் ஆடினார். தோற்பது அவருக்குப் பிடிக்காது!

1946-ல் பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்துத் தலைமை ஏற்றவர்களில் ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண் டாக்டரும் ஒருவர். ஐடா கோடைக்கானலில் ஒரு வீட்டில் ஓய்வாக வாழ்ந்தார். 1960 மே 24-ல், 89-வது வயதில், அங்கேயே காலமானார். அவர் பெயரையும் இந்தியா என்ற சொல்லையும் மட்டும் எழுதித் தபாலில் போட்ட ஒரு கடிதம் தவறாமல் அவர் கைக்கு வந்து சேர்ந்தது என்று வேலூரில் சொல்வார்கள்.