விண்மீனை அளந்த மேக்நாத் சாகா

செங்கோட்டையில் மழைக்கால மாலையில் மலைமேல் வெட்டும் மின்னலும், வகுப்பறைக் குழல்விளக்கினுள் ஒளிர்வதும் பிளாஸ்மாவே. அதாவது, அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்த வாயு. விண்மீன்களும் அதுவே. அவற்றின் ஒளியைக் கொண்டு வெப்பநிலையை அறியச் சமன்பாடு தந்தவர் மேக்நாத் சாகா.

1893இல் டாக்கா அருகே ஒரு சிற்றூரில், ஏழை மளிகைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். ஊரில் தொடக்கப் பள்ளி மட்டுமே இருந்ததால், வேற்றூரில் ஒரு மருத்துவர் வீட்டில் தங்கிப் படித்தார். 1905இல் வங்கப் பிரிவினை எதிர்ப்பில் கலந்துகொண்டு பள்ளியையும் உதவித்தொகையையும் இழந்தார். ஆயினும் தளராமல் வேறு பள்ளியில் சேர்ந்தார். 1920இல் அச்சமன்பாட்டை வெளியிட்டார். மாணவருக்காக வெப்பவியல் பாடநூலும் எழுதினார். 1956இல் மறைந்தார்.

தோழியரே, பள்ளிக் கதவு மூடப்பட்ட சிறுவன் விண்மீனை அளந்தார். நமக்கோ கதவு திறந்தே இருக்கிறது!