ஹியூயி லோங்: சட்டப்படியே ஒரு மாநிலத்தைக் கைக்குள் கொண்டுவந்தவர்

அமெரிக்காவில் ஜனநாயக அமைப்புகள் பலவீனமாகின்றனவா? இந்த விவாதம் சூடுபிடிக்கும்போது ஒரு பழைய பெயரும் அடிபடும்: ஹியூயி லோங். லூயிசியானா மாநிலத்தின் ஆளுநர், பிறகு செனட்டர். 1935இல் 42 வயதில் சுட்டுக்கொல்லப்பட்டவர்.

அவர் ராணுவப் புரட்சி செய்யவில்லை. தேர்தலை ரத்து செய்யவில்லை. சட்டமன்றத்தைக் கலைக்கவும் இல்லை. எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனாலும் ஏழே ஆண்டில் மாநிலம் முழுவதும் ஒரே மனிதரின் பிடிக்குள் வந்தது.

அது எப்படி நடந்தது?

யார் இந்த ஹியூயி லோங்?

1893இல் லூயிசியானாவின் வின்ஃபீல்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். பெரிய குடும்பம். இளம் வயதில் ஊர் ஊராகப் போய்ப் பொருள் விற்கும் விற்பனையாளராக வேலை செய்தார். சமையல் கொழுப்பு விற்கும்போது கேக் செய்யும் போட்டி ஒன்றை நடத்தினார். தம் வருங்கால மனைவி ரோஸைச் சந்தித்தது அங்கேதான்.

வீடு வீடாகக் கதவைத் தட்டியதில் அவருக்கு ஒரு விஷயம் கைவந்தது. யாரிடம் எப்படிப் பேசினால் எடுபடும் என்று தெரிந்துகொண்டார்.

சட்டம் படிக்கப் போனார். ஓராண்டு கூட முழுசாப் படிக்கவில்லை. இருந்தாலும் 1915இல் வழக்கறிஞர் தேர்வில் தேறினார். 25 வயதில், ரயில் கட்டணம் போன்றவற்றைக் கண்காணிக்கும் மாநில ஆணையத்துக்குத் தேர்வானார். தொலைபேசிக் கட்டண உயர்வை எதிர்த்து வழக்காடி வென்றார். வாடிக்கையாளர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. ஸ்டாண்டர்ட் ஆயில் என்ற மாபெரும் எண்ணெய் நிறுவனத்தோடும் மோதினார்.

1924இல் ஆளுநர் தேர்தலில் தோற்றார். 1928இல் வென்றார்.

மக்களுக்கு ஏன் அவரைப் பிடித்தது?

சும்மா சொல்லக்கூடாது, சொன்னதில் நிறையவே செய்தார்.

அவர் பதவிக்கு வந்தபோது மாநிலம் முழுவதற்கும் தார் அல்லது கான்கிரீட் போட்ட சாலை 300 மைலுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். மழை பெய்தால் கிராமங்கள் துண்டிக்கப்பட்டுவிடும். மிசிசிப்பி ஆற்றின் மீது மாநிலத்துக்குள் ஒரு பாலம்கூடக் கிடையாது. அதற்கு முன் மாநிலத்தை ஆண்ட நிலக்கிழார்களும் நியூ ஆர்லியன்ஸ் நகரப் புள்ளிகளும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

லோங் சாலைகளும் பாலங்களும் கட்டினார். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பாடநூல் கொடுத்தார். அதுவரை பெற்றோர்தான் காசு கொடுத்து வாங்கவேண்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு இரவுப் பள்ளிகள் நடந்தன. ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் அவற்றில் பயின்றார்கள். 1931இல் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பள்ளி தொடங்கியது. ஏழைகளை வாக்களிக்கவிடாமல் தடுத்துவந்த வாக்கு வரி 1934இல் ஒழிந்தது.

அதற்கும் எல்லை இருந்தது. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கறுப்பினத்தவர். பாடநூல் அவர்களின் பிள்ளைகளுக்கும் கிடைத்தது. ஆனால் வாக்குரிமை? வரி போனாலும் மற்றத் தடைகள் அப்படியே இருந்தன. லோங் அவற்றைத் தொடவில்லை.

1929: பதவி போகும் நிலை

எண்ணெய்ச் சுத்திகரிப்புக்கு ஒரு பீப்பாய்க்கு 5 காசு வரி விதிக்க முயன்றார் லோங். எதிர்ப்புப் பொங்கியது. லஞ்சம், அதிகார துஷ்பிரயோகம் என்று குற்றச்சாட்டுகள் அடுக்கப்பட்டன. 1929 மார்ச் மாதம் கீழவையில் வாக்களிப்பு இயந்திரம் தவறான முடிவைக் காட்டியதாகச் சொல்லி உறுப்பினர்கள் கைகலப்பில் இறங்கினார்கள். ரத்தம் சிந்தும் அளவுக்குப் போனது.

கீழவை அவர்மீது குற்றம் சாட்டியது. அடுத்து மேலவையில் பதவிநீக்க விசாரணை. மொத்தம் 39 உறுப்பினர்கள். அவரை நீக்க மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 26 பேர் வேண்டும்.

அப்போது 15 உறுப்பினர்கள் ஒரு தாளில் கையெழுத்திட்டார்கள். சாட்சியம் எதுவாக இருந்தாலும் சரி, அவருக்கு எதிராக வாக்களிக்க மாட்டோம் என்பதுதான் அதன் சாரம். கணக்கு முடிந்துவிட்டது. சாட்சிகளைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் விசாரணை சரிந்தது. கையெழுத்துப் போட்டவர்களுக்குப் பின்னாளில் பதவிகளும் சலுகைகளும் கிடைத்தன.

விசாரணை மன்றம் இருந்தது, விதிமுறையும் இருந்தது. விசாரிக்க வேண்டியவர்கள் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார்கள். அதற்குப் பிறகு லோங்கின் போக்கு இன்னும் கடுமையானது.

பிடியை எப்படி இறுக்கினார்?

• வேலை: அரசாங்க வேலை கிடைக்கவும் நீடிக்கவும் விசுவாசம் முக்கியமானது. நியமிக்கப்பட்டவர்கள் பலரிடம் தேதி போடாத பதவி விலகல் கடிதத்தை முன்பே வாங்கி வைத்துக்கொண்டார். முரண்டு பிடித்தால் தேதி போட்டால் போதும், வேலை போயிடும்.

• பணம்: அரசாங்க ஊழியர்களின் சம்பளத்தில் ஒரு பகுதி அவருடைய அரசியல் அமைப்புக்குப் போனது.

• பதவி: 1930இல் செனட்டராகத் தேர்வானார். ஆனால் 1932 ஜனவரி வரை ஆளுநர் நாற்காலியை விடவில்லை. துணை ஆளுநர் தாமே ஆளுநர் என்று உறுதிமொழி எடுத்தபோது, லோங் தேசியக் காவற்படையை வரவழைத்தார். அப்படி உறுதிமொழி எடுத்ததாலேயே அவர் துணை ஆளுநர் பதவியை இழந்துவிட்டார் என்றும் அறிவித்தார். பிறகு தம் நண்பர் ஆஸ்கார் ஆலனை ஆளுநராக ஜெயிக்க வைத்தார்.

• சட்டம்: 1934 ஆகஸ்ட் முதல் 1935 செப்டம்பர் வரை சட்டமன்றம் ஏழு முறை சிறப்புக் கூட்டம் கூடியது. லோங் அப்போது அந்த மன்றத்தின் உறுப்பினரே இல்லை. ஆனாலும் உள்ளே நடமாடி மசோதாக்களை விளக்கினார். பல மசோதாக்கள் சரியாக வாசிக்கப்படாமலேயே நிறைவேறின. காவலர், தீயணைப்பாளர், ஆசிரியர் நியமனங்களும் தேர்தல் அதிகாரிகளின் நியமனமும் படிப்படியாக மாநில அரசின் கைக்குள் வந்தன.

இவற்றில் பலவும் வாக்கெடுப்பு நடத்தித்தான் நிறைவேறின. எதிரிகள் சர்வாதிகாரி என்று திட்டியபோது, மக்கள்தானே என்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற ரீதியில் அவரால் பதில் சொல்ல முடிந்தது.

பத்திரிகைகளும் மாணவர்களும்

பெரிய நாளேடுகள் அவரை விடாமல் விமர்சித்தன. அவர் தமக்கென்று ஒரு பத்திரிகை தொடங்கினார். 1934இல் ஒரு வரியும் வந்தது: வாரத்துக்கு 20,000 பிரதிகளுக்கு மேல் விற்கும் பத்திரிகைகள் விளம்பர வருமானத்தில் 2 விழுக்காடு கட்டவேண்டும். சாதாரண வரி மாதிரிதான் தெரிகிறது, இல்லையா? அதில் சிக்கிய பத்திரிகைகள் 13. அவற்றில் 12 அவரை எதிர்த்தவை.

அதே ஆண்டு லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாணவர் இதழில் அவரை விமர்சிக்கும் கடிதம் ஒன்று வரவிருந்தது. லோங் தலையிட்டு அதைத் தடுத்தார். எதிர்ப்புத் தெரிவித்த மாணவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். பலர் மன்னிப்புக் கேட்டுத் திரும்பினார்கள். ஏழு பேர் கேட்கவில்லை, வெளியேற்றப்பட்டார்கள்.

அந்தப் பல்கலைக்கழகத்தை வளர்க்கப் பணத்தைக் கொட்டியவரும் இதே லோங்தான். அவர் கொடுத்தது கட்டடமும் படிப்பும். கேள்வி கேட்கும் உரிமையை மட்டும் கொடுக்கத் தயாராக இல்லை.

முடிவு எப்படி வந்தது?

1934இல் செல்வத்தைப் பகிர்ந்துகொள்வோம் என்ற இயக்கத்தைத் தொடங்கினார் லோங். பெரும் பணக்காரர்களின் சொத்துக்கு உச்சவரம்பு வைத்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் அடிப்படை வருமானம் தரவேண்டும் என்பது திட்டம். பொருளியல் மந்தத்தில் தவித்த மக்கள் நாடு முழுவதும் கிளைகள் அமைத்துச் சேர்ந்தார்கள். 1936 அதிபர் தேர்தலில் அவர் ரூஸ்வெல்ட்டின் வாக்குகளைப் பிரிப்பார் என்று அதிபரின் தரப்பே கவலைப்பட்டது.

1935 செப்டம்பர் 8ஆம் தேதி. பேட்டன் ரூஜ் நகரில், அவரே கட்டிய 34 மாடிச் சட்டமன்றக் கட்டடம். அன்றைய சிறப்புக் கூட்டத்தில் ஒரு மசோதா, பென்ஜமின் பேவி என்ற நீதிபதி மறுபடி தேர்வாக முடியாதபடி தொகுதி எல்லையை மாற்றும் நோக்கம் கொண்டது. அந்த நீதிபதியின் மருமகன், மருத்துவர் கார்ல் வைஸ், நடைவழியில் லோங்கை நெருங்கினார். லோங்குக்குக் குண்டுக் காயம். மெய்க்காப்பாளர்கள் வைஸை அங்கேயே சுட்டுக் கொன்றார்கள். லோங் இரண்டு நாள் கழித்து இறந்தார். வைஸ்தான் சுட்டாரா என்ற சர்ச்சை பிற்காலத்தில் எழுந்தது.

அவருக்குப் பிறகு?

பத்திரிகை வரி வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1936 பிப்ரவரியில் நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக அதை ரத்து செய்தார்கள். லோங்கின் கை எட்டாத இடத்தில் ஒரு நீதிமன்றம் இருந்ததால்தான் அது முடிந்தது.

மாநிலத்துக்குள் கதையே வேறு. லோங் சேர்த்து வைத்த அதிகாரம் அவரோடு போய்விடவில்லை, அடுத்து வந்தவர்கள் கைக்குப் போனது. கண்காணிக்க வேண்டிய அமைப்புகளோ ஏற்கனவே பல் பிடுங்கப்பட்டிருந்தன. 1939இல் பெரும் ஊழல்கள் வெளிவந்தன. ஆளுநர் ரிச்சர்ட் லெச் பதவி விலகினார், பின்னர் சிறைக்கும் போனார். பல்கலைக்கழகத் தலைவரும் சிறை சென்றார்.

அப்போ, லோங் நல்லவரா கெட்டவரா? லூயிசியானாவில் இன்றும் இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. அவர் பெயரில் மிசிசிப்பி ஆற்றின் மீது பாலம் இருக்கிறது. அவர் போட்ட சாலையில் சந்தைக்குப் போனவர்களுக்கு அந்தச் சாலை நிஜம். வேலை போகும் என்று வாய் திறக்காமல் இருந்த ஆசிரியருக்கு அந்தப் பயமும் நிஜம்.

ஒரு நாட்டில் ஜனநாயகம் நலமாக இருக்கிறதா என்று பார்க்க, தேர்தல் நடக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. ஆட்சியாளர் விரும்பாத முடிவை எடுத்த பிறகும் ஒரு நீதிபதி, ஓர் ஆசிரியர், ஒரு தேர்தல் அதிகாரி, ஒரு செய்தியாளர் மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போக முடிகிறதா என்றும் கேட்கவேண்டும். லோங்கின் லூயிசியானாவில் அது வருடத்துக்கு வருடம் கடினமாகிக்கொண்டே போனது.