தொண்டை அடைப்பானை வென்ற எமில் வான் பெஹ்ரிங்

ஒரு காலத்தில் ஐரோப்பாவில் பிள்ளைகளைப் பெற்றவர்கள் மிகவும் அஞ்சிய நோய்களுள் ஒன்று, டிப்தீரியா எனும் தொண்டை அடைப்பான். காய்ச்சல், தொண்டை வலி என்றுதான் தொடங்கும். பிறகு தொண்டைக்குள் சாம்பல் நிறப் படலம் படர்ந்து மூச்சை அடைக்கும். கிருமி கக்கும் நஞ்சு இரத்தத்தில் கலந்து இதயத்தையும் தாக்கும். அந்த நஞ்சுக்கு முறிவு கண்டவர் ஜெர்மனியின் எமில் வான் பெஹ்ரிங்.

1854 மார்ச் 15 அன்று, அன்றைய மேற்கு பிரஷ்யாவின் ஹான்ஸ்டோர்ஃப் கிராமத்தில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். வீட்டில் 13 பிள்ளைகள். பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்க வைக்க வசதியில்லை. எனவே பெர்லின் ராணுவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே படிப்புக்குச் செலவில்லை. பதிலுக்குப் பல ஆண்டுகள் ராணுவத்தில் பணியாற்ற வேண்டும். அந்தப் பணிக்காலத்திலேயே அவர் கிருமிநாசினிகளை ஆராயத் தொடங்கினார். கிருமியைக் கொல்லும் மருந்து உடலையும் கெடுப்பதைக் கண்டார். கிருமியின் நஞ்சை முறித்தால் போதாதா என்ற திசையில் அவருடைய சிந்தனை சென்றது.

1889இல் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். ஜப்பானிலிருந்து வந்திருந்த கிடசாடோ அங்கே உடன் உழைத்தார். நோயைத் தாங்கிப் பழகிய விலங்கின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரம், வேறொரு விலங்கைக் காப்பாற்றியது. 1890 டிசம்பரில் இதை உலகுக்கு அறிவித்தனர். சீரத்தின் வீரியத்தை அளக்கும் முறையை பால் எர்லிக் வகுத்தார். குதிரைகளிடமிருந்து சீரம் பெருமளவில் எடுக்கப்பட்டு, 1894 முதல் விற்பனைக்கு வந்தது. மரணத்தின் வாயிலிலிருந்து எண்ணற்ற பிள்ளைகள் மீண்டனர். 1901இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு பெஹ்ரிங்குக்குக் கிடைத்தது. கிடசாடோவுக்கு அதில் பங்கு தரப்படவில்லை.

பரிசோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. சீரத்துக்கு ஓர் எல்லை இருந்தது. தாமதமாகக் கொடுத்தால், நஞ்சு ஏற்கெனவே செய்த கேட்டை அது சரிசெய்யாது. அது தரும் பாதுகாப்பும் சில வாரங்களே நீடிக்கும். ஆகவே நோய் வருமுன் காக்கும் வழியைத் தேடி, நஞ்சையும் முறிவையும் அளவோடு கலந்த தடுப்பு மருந்தை 1913இல் அறிமுகம் செய்தார். 1917 மார்ச் 31 அன்று மார்பர்க் நகரில் காலமானார். அவருக்குப் பின், 1920களில் பிரான்சின் காஸ்டன் ரமோன் நஞ்சின் கேட்டை நீக்கிப் பாதுகாப்பான தடுப்பூசியை உருவாக்கினார். இன்று நம் பிள்ளைகளுக்குப் போடப்படுவது அந்த வழியில் வந்ததே.

இது பழைய கதையல்ல. நம் சமுதாயத்தவர் பெரும்பான்மையாக வாழும் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2016இல் இந்நோய் மீண்டும் தலைதூக்கி உயிர்களைப் பறித்தது. தடுப்பூசி போடாத, தவணைகளை முடிக்காத பிள்ளைகளே அதற்கு எளிதில் இரையாயினர்.

நோய்க்கு மருந்து செய்வதை நம் மார்க்கம் வலியுறுத்துகிறது. வருமுன் காப்பதும் அதில் அடங்கியதே. தவக்குல் என்பது ஒட்டகத்தைக் கட்டாமல் விடுவதல்ல என்பதை நாம் அறிவோம். பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இத்தடுப்பூசி இலவசம். பிறந்த 6, 10, 14ஆம் வாரங்களிலும், ஒன்றரை வயதையொட்டியும், 5 வயது முடிந்ததும், 10, 16 வயதுகளிலும் போட வேண்டும். முதல் மூன்றோடு பலர் நிறுத்திவிடுகிறோம். பிள்ளையின் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். விடுபட்ட தவணை இருந்தால், நாளைக்கென்று தள்ளிப்போடாதீர்கள்.