வெங்களத்தூரிலிருந்து இத்தாலி வரை

திருவண்ணாமலை என்றதும் நினைவுக்கு வருபவை கார்த்திகை தீபமும், கிரிவலமும், ரமணரும், சேஷாத்திரி சுவாமிகளும்தான். அதில் தவறில்லை. ஆனால், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துக்கு உட்பட்ட வெங்களத்தூர் என்னும் சிற்றூரில் 1895 செப்டம்பர் 17 அன்று பிறந்த ஒருவர், உலக அரசியலை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து படிக்கும் தமிழில் நமக்குத் தந்தார் என்பதை அறிந்தவர்கள் இம்மாவட்டத்திலேயே குறைவு. அவர் வெ. சாமிநாத சர்மா.

பொருளாதாரம் பயிலத் தொடங்கிய நாள்களில் கார்ல் மார்க்ஸின் வாழ்க்கையை நான் முதன்முதலில் படித்தது சர்மாவின் தமிழில்தான். பாடநூல்களில் வெறும் கோட்பாடாக நின்றவர், சர்மாவின் எழுத்தில் வறுமையில் வாடிய தந்தையாகவும் நாடு நாடாகத் துரத்தப்பட்ட அகதியாகவும் உயிர்பெற்றார். அந்த நன்றிக் கடன் இன்னும் தீரவில்லை.

சர்மாவின் எழுத்து வாழ்க்கை இதழியலில் வேர்கொண்டது. திரு.வி.க. 1917-இல் தொடங்கிய 'தேசபக்தன்' நாளிதழிலும், பின்னர் 'நவசக்தி'யிலும் பணியாற்றினார். திரு.வி.க.வுக்குப் பிறகு 1920-இல் 'தேசபக்தன்' ஆசிரியரானவர் வ.வே.சு. ஐயர். எளிய நடையை ஒருவரிடமும், உலக வரலாற்றின் மீதான நாட்டத்தை மற்றவரிடமும் அருகிருந்து காணும் வாய்ப்பு சர்மாவுக்குக் கிட்டியது. அவர் எழுதிய 'பாணபுரத்து வீரன்' நாடகம் அன்னிய ஆட்சியின் தடைக்கு உள்ளானது. பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள் அதனை 'தேசபக்தி' என்ற பெயரில் மேடையேற்றினர்.

அந்தத் தலைமுறைக்கு இத்தாலி தொலைதூர நாடாக இருக்கவில்லை. சிதறிக் கிடந்த சிற்றரசுகளும் அன்னிய ஆதிக்கமும் கொண்ட ஒரு நிலம் 1861-இல் ஒரே நாடானது. இந்தியர்கள் தங்கள் கதையின் முன்னுரையை அதில் கண்டனர். மாஜினி, கரிபால்டி ஆகியோரின் வாழ்க்கையை லாலா லஜபதிராய் உருது மொழியில் எழுதினார். மாஜினியின் தன்வரலாற்றைச் சாவர்க்கர் மராத்தியில் தந்தார். மாஜினியின் சபதத்தை பாரதியார் தமிழ்ப் பாட்டாக்கினார். காந்தியடிகளோ 1909-இல் எழுதிய 'இந்திய சுயராஜ்யம்' நூலில் இத்தாலிக்கென ஓர் அத்தியாயம் ஒதுக்கி, ஆட்சியாளர் மாறியும் அங்குள்ள உழைக்கும் மக்களின் துயரம் தீரவில்லையே என்று எச்சரித்தார்.

சர்மா மாஜினியின் 'மனிதன் கடமை'யைத் தமிழாக்கினார். உரிமையைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்த ஐரோப்பாவில், கடமையே உரிமையின் அடித்தளம் என்று தொழிலாளர்களிடம் எடுத்துரைத்த நூல் அது. விடுதலைக்குப் பிறகு எத்தகைய குடிமக்கள் தேவை என்ற கவலை சர்மாவின் எழுத்து முழுவதிலும் ஊடாடுகிறது.

அவர் மாஜினியோடு நிற்கவில்லை. முசோலினியின் வாழ்க்கையையும், அந்த முசோலினியின் படையெடுப்புக்கு 1935-இல் இலக்கான அபிசீனியாவின் சக்கரவர்த்தியைப் பற்றியும் எழுதினார். இம்மூன்றையும் அடுத்தடுத்துப் படிக்கும் தமிழ் வாசகருக்கு ஓர் உண்மை புலப்படும். விடுதலைக்கு இலக்கணம் வகுத்த நாடே, ஒருங்கிணைந்த எழுபத்தைந்து ஆண்டுகளுக்குள் இன்னொரு நாட்டின் விடுதலையைப் பறித்தது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய விலைவாசி உயர்வு, வேலையின்மை, ஊர் திரும்பிய படைவீரர்களின் ஏமாற்றம், நிலவுடைமையாளர்களின் அச்சம் ஆகியவை ஒன்றுசேர்ந்தபோது, உறுதியான ஒரு கை போதும் என்று மக்களில் பலர் எண்ணினர். 1922-இல் மன்னரே முசோலினியை ஆட்சி அமைக்க அழைத்தார். அடுத்த நான்கே ஆண்டுகளில் எதிர்க்கட்சிகள் தடைசெய்யப்பட்டன.

சர்மாவும் போரை ஏட்டில் மட்டும் அறிந்தவர் அல்லர். 1930-களில் பர்மாவுக்குச் சென்ற அவர், இரங்கூனிலிருந்து 'ஜோதி' இதழை நடத்தினார். 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் இரங்கூன் மீது குண்டு பொழிந்தன. பல லட்சம் இந்தியர்கள் தாயகம் நோக்கிப் புறப்பட்டனர். மனைவி மங்களம் அம்மையாருடன் சர்மாவும் 1942-இல் மலையும் காடும் கடந்து வந்து சேர்ந்தார். பசியும் நோயும் வழிநெடுகச் சாய்த்த மனிதர்களை அவர் பதிவு செய்த 'எனது பர்மா வழிநடைப் பயணம்', தமிழ்ப் பயண இலக்கியத்தில் தனித்து நிற்பது. சர்வாதிகாரிகளின் வரலாற்றை எழுதியவர், அவர்கள் மூட்டிய போரின் சாலையில் தானும் ஓர் அகதியாக நடந்தார்.

சென்னை திரும்பிய பின்னும் எழுதுகோல் ஓயவில்லை. பிளேட்டோவின் 'குடியரசு' அவர் தமிழில் 'பிளேட்டோவின் அரசியல்' ஆயிற்று. ரூசோவின் 'சமுதாய ஒப்பந்தம்' வந்தது. கிரேக்கம், ருஷியா, சீனா என நாடுகளின் வரலாறுகள் வந்தன. மனைவி மறைந்தபோது நண்பருக்கு எழுதிய கடிதங்கள் 'அவள் பிரிவு' என்ற நூலாயின. 1978 ஜனவரியில் அவர் மறைந்தார்.

பிளேட்டோவைத் தமிழாக்கிய பணிக்கு இன்னொரு பொருளும் உண்டு. இல்லாத நாடு ஒன்றைக் கற்பனை செய்து, இருக்கும் நாட்டை அளந்து பார்க்கும் மரபின் ஊற்று அந்நூல். தென் இத்தாலியில் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகச் சதி செய்ததாகக் கைதாகி, ஏறத்தாழ 27 ஆண்டுகள் சிறையில் கிடந்த காம்பனெல்லா, அந்த மரபில் நின்றே 1602-இல் 'சூரிய நகரம்' எழுதினார். வேகத்தையும் எந்திரத்தையும் போரையும் போற்றி 1909-இல் எதிர்காலவாதத்தை அறிவித்த மரினெட்டி, பின்னர் முசோலினியின் ஆதரவாளரானார். பாசிசத்தை எதிர்த்து ஆயுதமேந்திய இளைஞர் கால்வினோ பிற்காலத்தில் அண்டவெளியின் பிறப்பைக் கதைகளாக்கினார். அவுஷ்விட்ஸ் முகாமிலிருந்து மீண்ட வேதியியலாளர் ப்ரீமோ லெவி, 1966-இல் புனைபெயரில் அறிவியல் புனைகதைகளை வெளியிட்டார். எந்திரம் மனிதனை ஆளக்கூடும் என்ற அச்சம் அவருக்கு வெறும் கற்பனையன்று, பட்டறிவு.

தமிழிலும் இந்த இழை உண்டு. 2020-களின் இந்தியாவை ஒரு சர்வாதிகாரி ஆள்வதாக 1980-களிலேயே 'என் இனிய இயந்திரா'வில் எழுதிக் காட்டினார் சுஜாதா. ஆனால், இத்தகைய முயற்சிகள் நம்மிடம் அதிகம் இல்லை. விண்கலமும் இயந்திர மனிதனும் வரும் கதைகளில், அவற்றை யார் உடைமையாக வைத்திருப்பார், யார் உழைப்பார், யார் கேள்வி கேட்பார் என்பவை பெரும்பாலும் பேசப்படுவதில்லை. நடந்த வரலாற்றை ஆழ்ந்து படிக்காத சமூகம், நடக்கவிருப்பதைக் கற்பனை செய்வதிலும் தடுமாறும்.

சர்மா அறிவியல் புனைகதை எழுதவில்லை. ஆனால், அதற்குத் தேவையான மண்ணைப் பண்படுத்தி வைத்தார். அவருடைய நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கியுள்ளது. அவற்றைப் பதிப்பிக்க எவருக்கும் தடையில்லை. நம் மாவட்டக் கல்லூரிகள் ஆண்டுக்கொரு முறையேனும் அவற்றுள் ஒன்றை மாணவர்களோடு அமர்ந்து வாசிக்கலாம். மாஜினியில் தொடங்கி முசோலினிக்கு வந்து சேரும் வழி எவ்வளவு குறுகியது என்பதை இளைஞர்கள் தாங்களே கண்டுகொள்வார்கள். வெங்களத்தூர்க்காரருக்கு நாம் செய்யும் கைம்மாறு அதுவாகவே இருக்கட்டும்.